அறுபத்தெட்டு

கவுனாஸில் கிளம்பும்போதே பனி.
பனேவெஜிஸ் மால்ட் ஆலையை அடைகையில்
கார்க் கண்ணாடியின் துடைப்பான் ஒன்று ஒடிந்திருந்தது.

மூன்றாம் சூளைக்குப் புது டிரான்ஸ்மிட்டர்.
உள்ளங்கையில் அடங்கும் எஃகுக் குமிழ்.
பழையது ஈரத்தில் பச்சை பிடித்து
ஞாயிற்றுக்கிழமை செத்துவிட்டது,
உடனே வா என்று எழுதியிருந்தார்கள்.

மூடியைத் திருகினேன்.
இரண்டு சிவப்புக் கம்பி, ஒரு வெள்ளை.
பிளாட்டினம். உறைநிலையில் நூறு ஓம்.
இரண்டாவது சிவப்பு எதற்கென்று யாரும் கேட்பதில்லை.
வழியெல்லாம் கம்பி சேர்க்கும் தடையை
அளந்து கழிப்பதற்காகவே
உடன் நடந்து வருகிறது அது,
தனக்கென்று ஒரு செய்தியும் இல்லாமல்.

கையிலிருந்த கருவி விசாரிக்கத் தொடங்கியது.
பெயர்? எட்டு எழுத்துக்குள்.
அலகு?
எத்தனை நொடி நிதானம்?
நான்கு என்றேன். ஒவ்வொரு ஈரக்காற்றுக்கும் பதறினால்
பர்னருக்குத் தூக்கமே இருக்காது.
அறுந்துபோனால் என்ன செய்ய?
அதைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளினேன்.
கீழ் எல்லை பூஜ்ஜியம்.
மேல் எல்லை?

வரைபடத்தில் நூற்றிருபது.
கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் நூற்றிருபது.
சந்தேகம் விடவில்லை.
செத்ததை ஹீட்டர் மேல் உலர்த்தி
ஒரு நிமிடம் உயிர் கொடுத்துப் படித்தேன்:
நூற்றைம்பது.

பதினோரு வருடம்
அது ஒரு அளவுகோலில் சொல்ல
இது வேறொன்றில் கேட்டிருக்கிறது.
நடுவே அதே பதிமூன்று சொச்சம் மில்லி ஆம்பியர்,
யாருக்கும் துரோகம் செய்யாமல்.

கையுறைமேல் கணக்குப் போட்டேன்:
உள்ளே எண்பத்தைந்து என்றால்
திரையில் அறுபத்தெட்டு.

சூளைக் கதவில் சாக்பீஸால் எழுதி
அழியாதிருக்க வார்னிஷ் வேறு அடித்திருந்தார்கள்:
கடைசி நான்கு மணி நேரம், 68.

"அதுதான் எங்கள் ரகசியம்," என்றான் ஷிஃப்ட்டில் இருந்த எய்மந்தாஸ்.
"மற்றவர்கள் எண்பதைத் தாண்டித்தான் வறுக்கிறார்கள்.
நாங்கள் அறுபத்தெட்டிலேயே அந்த வாசனையை வரவழைப்போம்.
ரீகாக்காரர்கள் இதற்காகவே வருகிறார்கள்."
ஒரு பார்லி மணியைக் கடைவாயில் உடைத்துக் காட்டினான்.
படக்கென்று உடைந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம்.
நான் நூற்றிருபது என்று எழுதி
அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

மாலை வறுவல். திரை ஏறி
அறுபத்தெட்டில் நின்றது,
இந்த முறை நிஜமாகவே அறுபத்தெட்டு.
ஒரு மணி நேரம். இரண்டு.
வாசனை வரவில்லை.
எய்மந்தாஸ் மணியைக் கடித்தான்.
அது உடையாமல் நசுங்கியது.
பச்சைப்புல் ருசி, என்று துப்பிவிட்டு
என் கைப்பையைப் பார்த்தான்,
எதையோ எடுத்து வைத்துக்கொண்டவளைப் பார்ப்பதுபோல.

கையுறையை நீட்டினேன்.
உதடு அசையப் படித்தான்.
இன்னொரு முறை படித்தான்.
"அப்படியென்றால் நாங்களும்
எல்லோரையும் போலத்தானா?"

இதற்கு அந்தக் கருவியில் பதில் இல்லை.
"வாசனை உங்களுடையதுதான்,
எண் மட்டும்தான் தப்பு," என்றேன்.
அவனுக்கு அது போதவில்லை.
ஆனாலும் எண்பத்தைந்து என்று அடித்தான்,
சுடுமோ என்று கொதிக்கும் பானையைத் தொடுபவனின் விரலால்.

நள்ளிரவு தாண்டியதும் வந்தது வாசனை.
முதலில் ரொட்டி ஓரம், பிறகு பாதாம்.
கதவருகே போய் நின்றான்.
வார்னிஷுக்கு அடியில் இருந்ததை அழிக்க முடியாது.
பக்கத்தில் சின்னதாக 85 என்று எழுதி
அதற்கும் வார்னிஷ் தேடிக்கொண்டிருந்தான்.

தள்ளிப்போட்ட கேள்வி திரையில் காத்திருந்தது:
உணரி அறுந்தால் எந்தப் பக்கம் விழ வேண்டும்?
கீழே விழுந்தால் சூளை குளிர்ந்துவிட்டதென்று நம்பி
இன்னும் கொளுத்தும்.
மேலே என்று வைத்தேன்.
அறுந்தால் உச்சத்தில் நின்று கத்தட்டும்.

திரும்பும் வழியில் ஒற்றைத் துடைப்பான்.
பாதிச் சாலைதான் தெரிந்தது.
வெளியே மைனஸ் ஒன்பது என்றது கார்.
யார் அமைத்தார்களோ.